காய்ச்சலும் பாய்ச்சலும்

செங்கோட்டைக்குப் பக்கத்துப் புளியரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். குரூப் 2 தேர்வுக்கு ஒன்றரை வருஷமாகப் படிக்கிறார். காலை 5 மணிக்கு உட்கார்ந்தால் இரவு 11 மணி வரை, சாப்பாடும் குளியலும் போக நாளுக்கு 14 மணி நேரம். அவர் எழுதியது இது: "அண்ணாச்சி, திங்கட்கிழமை படித்தது வியாழக்கிழமை தலையில் இல்லை. மாதிரித் தேர்வில் தெரிந்த கேள்விக்கே கை நடுங்குகிறது. தாவோ சமநிலை முறையில் மூளையின் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் சமன் செய்தால் நினைவாற்றல் இரண்டு மடங்காகும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொல்கிறார்கள். பணம் கட்டலாமா? தாவோவில் மூளைக்கு உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாலே அப்பா முகம் வாடிவிடுகிறது. அவர் வயலில் கிடந்து உழைக்கிற மனிதர்."

தம்பி, முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறேன். கட்ட வேண்டாம். இரண்டாவது கேள்விக்குப் பதில், ஆமாம், இருக்கிறது. ஆனால் அந்த வகுப்பில் சொல்வது அது இல்லை.

நான் திருவனந்தபுரத்தில் படித்து, 30 வருஷம் மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்தியவன். நரம்பு மண்டலம்தான் என் பாடம். தாவோ என்ற பழைய சீனத் தத்துவ மரபின் ஆசிரியர்களான லாவோ ட்சுவையும் சுவாங் ட்சுவையும் ஏறக்குறைய அதே அளவு காலமாகத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. 2000 வருஷத்துக்கும் முந்திய அந்தச் சீனர்களுக்கு நியூரான் என்ற நரம்பணுவைத் தெரியாது. எண்ணம் பிறக்கும் இடம் நெஞ்சு என்றுதான் நினைத்தார்கள். ஆனால் மனிதன் முக்கி முக்கி எப்படித் தன் காரியத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறான் என்பதை அவர்கள் பார்த்த அளவுக்குக் கூர்மையாகப் பார்த்தவர்கள் குறைவு. அந்த இடத்தில்தான் உங்கள் பிரச்சினையும் இருக்கிறது.

தாவோவின் சமநிலைப் பேச்சுக்கு அடிப்படையான யின், யாங் என்ற சீன எழுத்துகளின் பழைய பொருள் மலையின் நிழல்பக்கம், வெயில்பக்கம் என்பதுதான். இரண்டு பொருட்கள் கிடையாது, இரண்டு சக்திகளின் சண்டையும் கிடையாது. ஒரே மலை, அதற்கு இரண்டு முகம். இதைப் புரிந்துகொள்ள நீங்கள் சீனாவுக்குப் போக வேண்டாம். ஆனி மாதத்தில் கொல்லம் ரயிலில் ஏறிப் பாருங்கள். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழையும்போது வெளியே மெல்லிய சாரல்தான் இருக்கும். மறுபக்கம் ஆரியங்காவில் வெளியே வந்தால் மழை கொட்டும். அதே நேரத்தில் சங்கரன்கோவிலில் புழுதி பறக்கும். மழையைப் பிடித்து நிறுத்துவதும் மழையை மறைப்பதும் ஒரே மலைதான். ஐப்பசி கார்த்திகை வந்தால் கிழக்குச் சீமைக்கு முறை வரும். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது, அப்புறம் சென்னை மாநிலத்துக்கு வந்தது. கோடு இடம் மாறியதே தவிர மலை அங்கேயேதான் நிற்கிறது. நிழலை அழித்துவிட்டு வெயிலை மட்டும் வைத்துக்கொள்ள எந்த மலையாலும் முடியாது. நீங்கள் ஒன்றரை வருஷமாக உங்கள் மூளையில் அதைத்தான் செய்யப் பார்க்கிறீர்கள்.

இடது மூளை, வலது மூளை விஷயத்தை முடித்துவிடலாம். கடும் வலிப்பு நோயால் அவதிப்பட்ட சிலருக்கு மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பட்டையை அறுவை செய்து வெட்டினார்கள். அவர்களை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. பேச்சு பெரும்பாலும் இடப்பக்கத்தின் பொறுப்பு என்பது போன்ற வேலைப் பிரிவினை உண்மைதான். ஆனால் வெட்டாத மூளையில் அந்தப் பட்டை வழியாகச் சுமார் 20 கோடி இழைகள் ஓய்வில்லாமல் செய்தி கடத்துகின்றன. 2013இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1000க்கும் மேற்பட்டவர்களின் மூளைப் படங்களை அலசிப் பார்த்தார்கள். இன்னார் இடமூளைக்காரர், இன்னார் வலமூளைக்காரர் என்று ஆட்களைப் பிரிக்க அதில் எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்வதைச் சமன் செய்து தருகிறேன் என்று பணம் வாங்குவது நியாயமில்லை. குழந்தைகளின் கண்ணைக் கட்டிவிட்டுப் படிக்க வைக்கும் வகுப்புகளும் இந்த வகைதான். துணிக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கிற சந்து வழியாகத்தான் அந்தப் பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

மூளையில் உண்மையான யின் யாங்கைக் காட்டு என்று கேட்டால் நான் வேறோர் இடத்தைக் காட்டுவேன். மூளையில் நரம்பணுக்களைத் தூண்டிவிடும் முக்கியமான வேதிப்பொருள் குளூட்டமேட். அடக்கி அமர்த்தும் முக்கியமான வேதிப்பொருள் காபா. குளூட்டமேட் இல்லாவிட்டால் எதையும் கற்க முடியாது. காபா இல்லாவிட்டால் தூண்டுதல் காட்டுத்தீ போலப் பரவி வலிப்பு வந்துவிடும். எனக்கு இன்றைக்கும் வியப்பு குறையாத விஷயம் என்னவென்றால், காபா தயாராவதே குளூட்டமேட்டிலிருந்துதான். ஒரே ஒரு நொதி, ஒரே ஒரு படி. குளூட்டமேட்டிலிருந்து ஒரு கரியமில வாயு மூலக்கூறு கழன்று போனால் அது காபா. சீனர்களின் வட்டப் படத்தில் கறுப்புக்குள் ஒரு வெள்ளைப் புள்ளியும் வெள்ளைக்குள் ஒரு கறுப்புப் புள்ளியும் இருக்குமே, வகுப்பில் இந்த வினையைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தப் படம் நினைவுக்கு வரும். அந்த நொதி வேலை செய்ய வைட்டமின் பி6 வேண்டும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பி6 குறைந்துபோன ஒரு பால் உணவைக் குடித்த கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது. வைட்டமினைக் கொடுத்ததும் நின்றது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. மூளையின் மேலடுக்கான புறணியில் ஏறக்குறைய 80 சதவீத நரம்பணுக்கள் தூண்டுபவை, 20 சதவீதம் அடக்குபவை. எண்ணிக்கையில் சரிபாதி இல்லை. சமநிலை என்றதும் தராசுத் தட்டை நினைத்துக்கொண்டு, 7 மணி நேரம் படிப்பு 7 மணி நேரம் ஓய்வு என்று நீங்கள் கணக்குப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். எது எப்போது அடுத்ததற்கு வழி விடுகிறது என்பதுதான் இங்கே சமநிலை.

கை நடுங்குவதற்கு வருகிறேன். சுவாங் ட்சுவின் நூலில் ஒரு சிறிய பேச்சு வருகிறது. ஓட்டாஞ்சில்லைப் பந்தயம் வைத்து விளையாடுகிறவன் திறமையாக விளையாடுவான். உலோகக் கொக்கியை வைத்தால் அவனுக்குத் தயக்கம் வரும். பொன்னை வைத்தால் புத்தி மழுங்கிப் போகும். திறமை மூன்றிலும் ஒன்றுதான், பந்தயம்தான் மாறியது. இதையே 1908இல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எலிகளை வைத்து ஆராய்ந்தார்கள். எலி தவறான பாதையில் போனால் சிறு மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். வேலை சுலபமாக இருந்தபோது அதிர்ச்சி கூடக்கூட எலி சீக்கிரம் கற்றுக்கொண்டது. வேலை கடினமானபோது அப்படி நடக்கவில்லை. மிதமான அதிர்ச்சியில்தான் நன்றாகக் கற்றது, அதற்கு மேல் போனதும் தடுமாறியது. பின்னாளில் ஏமி ஆர்ன்ஸ்டன் என்ற ஆய்வாளர் இதற்கு மூளைக்குள் இருக்கும் காரணத்தை விளக்கினார். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்புறணிதான் யோசித்து, ஒப்பிட்டு, விடையைத் தேர்ந்தெடுக்கும் பகுதி. அங்கே டோபமைன், நாரட்ரினலின் என்ற வேதிப்பொருள்கள் குறைந்தாலும் வேலை நடக்காது, மிஞ்சினாலும் நடக்காது. பயம் ஏறும்போது இரண்டும் வெள்ளமாகப் பாய்ந்து அந்தப் பகுதியின் பிடி தளர்ந்துவிடுகிறது.

இது எனக்கே நடந்தது. இரண்டாம் வருஷ வாய்மொழித் தேர்வுக்கு முந்திய இரவு கட்டன் சாயா குடித்துக் குடித்து விடியும் வரை விழித்திருந்தேன். இதயத்துக்குள் மின் துடிப்பு எந்த வழியாகப் போகிறது என்று கேட்டார்கள். முந்திய வாரம் அறைத் தோழனுக்கு நானே படம் போட்டு விளக்கிய பாடம் அது. ஒரு வார்த்தை வரவில்லை. அறைக்குப் போய்ப் படுத்து மறுநாள் காலை எழுந்தபோது படம் முழுவதும், அம்புக்குறிகள் உட்பட, கண் முன்னால் நின்றது. அறிவு எங்கேயும் போகவில்லை தம்பி, பாதைதான் அடைபட்டிருந்தது. அன்றைக்கு நான் அழுத அழுகை இன்றும் நினைவிருக்கிறது. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்களுக்குப் பந்தயம் பொன். அதை ஓட்டாஞ்சில்லாக மாற்ற ஒரு வழி இருக்கிறது, பழக்கம். முதல்நிலைத் தேர்வில் 200 கேள்விக்கு 3 மணி நேரம், கணக்குப் பார்த்தால் கேள்விக்கு 54 வினாடி. வாரம் ஒரு நாள், தேர்வு நடக்கும் அதே வேளையில், அதே மாதிரி விடைத்தாளில், கடிகாரத்தை எதிரில் வைத்து முழுத் தேர்வையும் எழுதுங்கள். வீட்டில் வேண்டாம். நூலகத்தில், முடிந்தால் நாலு பேரோடு உட்கார்ந்து எழுதுங்கள். 20 முறை எழுதியவனுக்கு 21ஆவது முறை தேர்வு அறை அந்நியமாக இருக்காது.

அப்புறம் மூச்சு. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் வேகம் எடுக்கும், வெளியே விடும்போது தணியும். வேகஸ் என்ற நரம்பு அதைத் தணிக்கிறது. நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற கணக்கில், வெளிமூச்சை நீளமாக விட்டு 5 நிமிடம் இருந்தால் உடம்பு அமர்வது உங்களுக்கே தெரியும். தாவோ வழியினரும் நம் சித்தர் மரபினரும் மூச்சைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இடகலை, பிங்கலை என்று சந்திரனையும் சூரியனையும் இரண்டு நாசிகளில் வைத்தவர்கள் நாம்.

இனி, படித்தது ஏன் நிற்கவில்லை என்பது. இதற்கு நான் தாவோவை விட்டுவிட்டு உங்கள் அப்பாவிடம் போகிறேன். அவர் நெல்லுக்குத் தண்ணீர் கட்டும்போது வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்க விடுவாரா? கார், பிசானம் எந்த நெல் போகம் ஆனாலும் விவரம் தெரிந்த விவசாயி காய்ச்சலும் பாய்ச்சலுமாகத்தான் கட்டுவார். பாய்ச்சிய தண்ணீர் வற்றி, மண்ணில் மயிரிழை அளவுக்கு வெடிப்புக் காணும் வரை விட்டு, அப்புறம்தான் அடுத்த மடை திறப்பார். காயும்போது மண்ணுக்குள் காற்று இறங்கும், வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகும், பயிர் நன்றாகத் தூர் கட்டும். எப்போதும் தண்ணீரில் நிற்கிற பயிருக்கு வேர் மேலேயே தங்கிவிடும். லாவோ ட்சுவின் தாவோ தே ஜிங் என்ற 81 சிறு பகுதிகள் கொண்ட நூலில், திரும்பி வருவதே தாவோவின் அசைவு என்று ஓர் இடம் உண்டு. அதை நான் பத்து மொழிபெயர்ப்புகளில் புரட்டியும் பிடிபடாமல் இருந்து, கடைசியில் ஒரு வரப்பில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

நீங்கள் செய்வது பாய்ச்சல் மட்டும். ஒரே பாடத்தை ஒரே நாளில் நாலு தடவை வாசிக்கிறீர்கள், நாலாவது தடவை எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது, அந்தத் தெம்பில் அடுத்த பாடத்துக்குப் போகிறீர்கள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை 4 தடவை வாசித்தது. இன்னொரு குழு ஒரு தடவை வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து 3 தடவை எழுதிப் பார்த்தது. 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்த குழுதான் மேலே. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, வாசித்தவர்களுக்கு 40 சதவீதம். ஆனால் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னது வாசித்த குழுதான். உங்கள் திங்கட்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் நடுவே நடப்பது இதுவேதான்.

ஆகவே மறதியைக் கண்டு பயப்படாதீர்கள். அது மண் காய்வது. ஜெர்மனியின் எபிங்ஹாஸ் 1885இலேயே தன்னையே சோதனைப் பொருளாக்கி மறதியின் வேகத்தை அளந்தார். முதல் சில மணி நேரத்தில் சரசரவென்று இறங்கும், பிறகு மெதுவாகும். இடைவெளி விட்டுப் படித்தால் குறைந்த உழைப்பில் அதிகம் நிற்கிறது என்பதும் அவர் கண்டதுதான். ஒரு பாடத்தை இன்று படித்தால் நாளை புத்தகத்தைத் திறக்காமல் எழுதிப் பாருங்கள். அப்புறம் 3 நாள் விட்டு, அப்புறம் ஒரு வாரம் விட்டு, அப்புறம் 3 வாரம் விட்டு. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திணற வேண்டும். அந்தத் திணறல்தான் மயிரிழை வெடிப்பு. சுத்தமாக மறந்துபோகும் வரை விட்டால் பாளம் பாளமாக வெடித்துவிடும், அதுவும் ஆகாது. இன்னொன்றையும் உங்கள் அப்பா சொல்வார், பூக்கும் பருவத்தில் காயவிடக் கூடாது. தேர்வுக்கு முந்திய இரண்டு வாரம் உங்களுக்குப் பூக்கும் பருவம். அப்போது இடைவெளியைச் சுருக்கி எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம்.

நிழல்பக்கத்துக்கு வருவோம். சக்கரத்தின் 30 ஆரங்களும் நடுவில் இருக்கிற வெற்றிடத்தில் சேர்வதால்தான் வண்டி ஓடுகிறது, பானையின் பயன் அதன் வெறுமையில் இருக்கிறது என்று லாவோ ட்சு சொல்கிறார். நமக்கு இன்னும் பெரிய உதாரணம் ஊரிலேயே இருக்கிறது. இந்த நீண்ட மேற்குத் தொடர்ச்சி மலையில் நம் செங்கோட்டைக் கணவாய் என்பது என்ன? மலை இல்லாத இடம். 1904இல் ரயில் இந்த வழியாகத்தான் வந்தது. மேல்காற்று இந்த வழியாகத்தான் பாய்ந்து சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுகிறது.

மூளையில் அந்தக் கணவாய், சும்மா இருக்கும் நேரமும் தூக்கமும். உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கு. நீங்கள் கணக்குப் போட்டாலும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாலும் அந்தச் செலவு பெரிதாக மாறுவதில்லை. சும்மா இருக்கும்போது தணியாமல் விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதிகளை 2001இல் மார்க்கஸ் ரைக்லும் அவரது குழுவும் விவரித்தார்கள். 2012இல் எடின்பரோவில் வயதானவர்களுக்கு இரண்டு கதைகள் சொன்னார்கள். ஒரு கதைக்குப் பிறகு 10 நிமிடம் இருட்டறையில் சும்மா இருக்க விட்டார்கள். இன்னொரு கதைக்குப் பிறகு இரண்டு படங்களுக்கு நடுவில் வித்தியாசம் கண்டுபிடிக்கும் விளையாட்டைக் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்தும் சும்மா இருந்ததற்கு முந்திய கதைதான் நன்றாக நினைவிருந்தது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உங்கள் 14 மணி நேரத்தில் இடைவேளை என்று நீங்கள் நினைப்பதெல்லாம் செல்போன்தான், இல்லையா? அது ஓய்வு இல்லை. வெயில்பக்கத்தின் இன்னொரு வேலை. கலங்கிய தண்ணீரை அசைக்காமல் விட்டால்தான் மெல்லத் தெளியும் என்று தாவோ தே ஜிங்கில் ஒரு கேள்வி போல வருகிறது. படித்து முடித்த கையோடு அடுத்தவர் காணொளியைத் திறப்பது கலங்கிய குடத்தில் மறுபடியும் கையை விட்டு அளைவது. ஒரு பாடம் முடிந்தால் 10 நிமிடம் போனை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் குளக்கரையில் நடந்து வாருங்கள். நடப்பது உடம்புக்கும் நல்லது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் 3 நாள் 40 நிமிடம் என ஒரு வருஷம் நடந்த முதியவர்களுக்கு நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் வளர்ந்திருந்தது.

தூக்கம் இதைவிடப் பெரியது. 1994இல் வில்சனும் மெக்நாட்டனும் எலிகளின் ஹிப்போகாம்பஸில் மெல்லிய மின்கம்பிகளை வைத்துக் கவனித்தார்கள். எலி ஓடித் திரிந்தபோது சேர்ந்து துடித்த நரம்பணுக்கள், பின்பு எலி ஆழ்ந்து தூங்கியபோதும் சேர்ந்து துடித்தன. பகலில் நடந்ததை மூளை இரவில் மறுபடி நடத்திப் பார்க்கிறது. வயலில் விதைப்பது பகலில், முளைப்பது யாரும் பார்க்காதபோது. நீங்கள் தூக்கத்தை 6 மணி நேரத்துக்கும் கீழே வெட்டியபோது படிக்கும் நேரம் கூடியதாக நினைத்தீர்கள். பதியும் நேரத்தைத்தான் வெட்டினீர்கள். வயது வந்தவருக்கு 7 மணி நேரமாவது வேண்டும், இதில் பேரம் இல்லை.

மேலே சொன்ன வேகஸ் நரம்பிலேயே இதற்கு ஓர் அழகான கதை உண்டு. நரம்பு இதயத்தோடு வேதிப்பொருள் மூலம் பேசுகிறதா என்ற கேள்வி ஓட்டோ லோவிக்குப் பல வருஷமாக இருந்தது. அதற்கான சோதனை ஓர் இரவு கனவில் வந்தது, எழுந்து கிறுக்கி வைத்தார், காலையில் தன் எழுத்தைத் தனக்கே வாசிக்க முடியவில்லை. அடுத்த இரவு கனவு மறுபடி வந்தது. இந்த முறை நேராக ஆய்வகத்துக்குப் போய்த் தவளை இதயங்களை வைத்துச் செய்து முடித்தார். 1921இல் வெளியான அந்த வேலைக்காக 1936இல் நோபல் பரிசு பெற்றார். கனவை மட்டும் பார்த்தால் கதை பாதிதான். பல வருஷம் அந்தக் கேள்வியோடு விழித்திருந்தவருக்குத்தான் அந்தக் கனவு வந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம், தாவோவின் வூ வெய் என்ற சொல்லைச் செயலின்மை என்று மொழிபெயர்த்து, எதையும் செய்யாமல் இரு என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். சுவாங் ட்சுவின் நூலில் வரும், மாடு அறுக்கும் டிங்கைப் பாருங்கள். சாதாரணக் கசாப்புக்காரர் மாதம் ஒரு கத்தி மாற்றுவார், ஏனென்றால் அவர் எலும்பை வெட்டுகிறார். டிங்கின் கத்திக்கு 19 வயது, ஆயிரக்கணக்கான மாடுகளை அறுத்தும் புதிதாகத் தீட்டியது போல இருக்கிறது. மூட்டுகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளி வழியாக அவர் கத்தி போகிறது. ஆனால் சிக்கலான மூட்டு வரும்போது என்ன செய்வார் தெரியுமா? நின்றுவிடுவார். கண்ணைப் பதித்து, கையை மெதுவாக்கி, மயிரளவு நகர்த்துவார். அந்த நிலைக்கு வரவே அவருக்கு 3 வருஷத்துக்கு மேல் ஆனது. ஆரம்பத்தில் கண்ணுக்கு முழு மாடுதான் தெரிந்தது என்று அவரே சொல்கிறார். பயிற்சி இல்லாமல் வூ வெய் இல்லை தம்பி. திறனறிவுக் கணக்கில் நீங்கள் எலும்பை வெட்டுகிறீர்கள், அதுவும் மூளை ஓய்ந்துபோன இரவு 10 மணிக்கு. அதைக் காலை முதல் வேலையாக வைத்து, ஒரு கணக்கு எந்த மூட்டில் சிக்குகிறது என்று நின்று பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு பின்னமோ விகிதமோ சிறு வயதிலிருந்தே சரியாகப் பிடிபடாமல் இருக்கும். அந்த இடத்தைச் சரிசெய்தால் இருபது கணக்கு தானே பிரிந்து வரும்.

அப்படியானால் நாள் எப்படி இருக்க வேண்டும்? இரவு 10 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம். காலை வேளையில் கடினமான பாடம் இரண்டு, 50 நிமிடமும் 10 நிமிட நடையுமாக. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் வரும் மந்தம் உங்களுக்கும் வரும். அதோடு சண்டை போடாமல் 20 நிமிடம் கண் அயருங்கள், அதற்கு மேல் வேண்டாம். மாலையில் புதிதாக எதையும் திறக்காமல், முந்திய நாள், முந்திய வாரப் பாடங்களை மூடிய புத்தகத்தோடு எழுதிப் பாருங்கள். மொத்தம் 8 மணி நேரத்துக்கு மேல் போகாது. காப்பியும் சாயாவும் மதியம் 2 மணியோடு போதும். காஃபீனில் பாதி கரையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும், மாலை 6 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். வல்லாரைத் துவையல் வீட்டில் அரைத்தால் சாப்பிடுங்கள், நல்ல கீரை. தூக்கத்துக்கு ஈடாக அதை நினைக்க வேண்டாம்.

படுத்தும் தூக்கம் வராவிட்டால் தூங்கியே ஆக வேண்டும் என்று முயலாதீர்கள். முயற்சி செய்து பிடிக்க முடியாத ஒன்று அது. எழுந்து மங்கிய வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது போய்ப் படுங்கள். வாரக்கணக்காகத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது படிக்கும் முறையின் சிக்கல் இல்லை. மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு, பி12 குறைவு எல்லாம் இப்படி மறைந்து வரும், மனச்சோர்வும் வரும். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம்.

தாவோ என்ற பெயரில் வரும் மூளை மாத்திரை, லேகியம் எதையும் வாங்காதீர்கள். தாவோ ரசவாதிகள் சாகாமருந்து என்று பாதரசம் கலந்து கொடுத்ததை உண்டு டாங் வம்சப் பேரரசர்களிலேயே சிலர் இறந்திருக்கிறார்கள். நான் மதிக்கும் மரபுதான், அதற்காக இதை மறைக்க மாட்டேன்.

உங்கள் அப்பா விஷயம் பாக்கி. நீங்கள் 8 மணி நேரமாகக் குறைத்துக் குளக்கரையில் நடப்பதைப் பார்த்தால் அவருக்குக் கவலை கூடத்தான் செய்யும். அவரிடம் தாவோ, யின், யாங் என்றெல்லாம் ஆரம்பிக்க வேண்டாம். சாயங்காலம் அவரோடு வரப்பில் போய் நில்லுங்கள். பிசானத்துக்கு எத்தனை நாள் காயவிட்டு எப்போது மடை திறக்கிறார், மண்ணில் எதைப் பார்த்து அதை முடிவு செய்கிறார் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடித்ததும், நானும் படிப்பை அப்படித்தான் கட்டப் போகிறேன் அப்பா என்று சொல்லுங்கள்.